பேரலுக்குள் ஈயம்

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், டாக்டர். அதனால் ஒரு ஊரில் ஒரு ரிவால்வர் இருந்தது என்று ஆரம்பிக்கிறேன். உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கோட்டில் கல்யாண வீட்டு நெய் நன்றாக இறங்கியிருக்கிறது. மேலாகத் துடைத்தால் போகிற கறை இல்லை. உள்ளேயிருந்து இழுக்க வேண்டும், அப்புறம் உலர வேண்டும். ஐந்து மணிக் கமிட்டிக்கு இதைப் போட்டுக்கொண்டுதானே வரப்போகிறீர்கள்? கவலைப்படாதீர்கள், நேரம் கிடக்கிறது.

என் மனைவி சாந்தாமணிதான் உங்களை அனுப்பினாளாமே? "கோட்டைக் குடுத்துட்டு வந்துராதீங்க டாக்டர், கூடவே உக்காந்து வாங்கிட்டு வாங்க, அவரு எதாச்சும் பேசிட்டிருப்பாரு, காது குடுத்துக் கேளுங்க" என்று சொன்னாளாமே? பாருங்கள். உங்களிடம் பிரஷர் மாத்திரை வாங்க வந்த இடத்திலும் புருஷனின் சலவைக் கடைமேல் அக்கறை. இத்தனைக்கும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியே நாளாகிறது. அதற்கும் காரணம் அந்த ரிவால்வர்தான்.

நடுநடுவே ஒரு 'ம்' கொட்டுங்கள். 'ம்' கொட்டாவிட்டால் எனக்குக் கதை ஓடாது.

நம் துப்பாக்கி கிளப் உங்களுக்குத் தெரியும், ஊருக்கு வெளியே பழைய கல்குழிக்குள் இருக்கிறது. தலைவராக வந்திருக்கிறீர்கள், ஆனால் துப்பாக்கி உங்கள் கைக்குப் பழக்கமில்லை. தப்பில்லை. கோயில் தர்மகர்த்தாவுக்கு மேளம் வாசிக்கத் தெரிய வேண்டுமா என்ன? எனவே விளக்கமாகவே சொல்கிறேன். கிளப்பில் ரைபிள் நிறைய உண்டு. ரிவால்வர் ஒன்றே ஒன்று. பாயிண்ட் டூ டூ. சின்னத் தோட்டா. அதன் தலையில் இருக்கிற குண்டு, ஈயம். ரிவால்வர் பேரலுக்குள்ளே திருகு திருகாக வரி வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பம்பரம் மாதிரி சுழன்று வெளியே போகும். சுழன்றால் நேராகப் போகும். வரிக்குள் எதாவது அடைத்துக்கொண்டால் சுழற்சி கெட்டுவிடும். கடைசிச் சுற்றில் பம்பரம் தள்ளாடுமே, அப்படிப் போகும்.

அந்த அடைப்புதான் வழக்கு. அடைத்தது யார் என்பதுதான் இன்று சாயந்திரம் உங்கள் முன்னால் வருகிற தீர்மானம். தீர்மானம் போட்டவன் நான். "ரிவால்வர் பேரலைக் கெடுத்த தெய்வசிகாமணியைத் திருச்சிப் போட்டி அணியிலிருந்தும் கிளப்பிலிருந்தும் நீக்க வேண்டும்." நீங்கள் தலைவராகி நடத்துகிற முதல் கூட்டத்தில் முதல் தீர்மானம். நல்ல ஆரம்பம்.

தெய்வசிகாமணி யார் என்கிறீர்களா? என் மனைவியின் தம்பி.

ஆமாங்க. சொந்த மச்சினன். சொந்தம் வேறு, சுத்தம் வேறு.

அவன் நீங்கினால் திருச்சிக்கு யார் போவது என்கிறீர்களா? வரிசைப்படி அடுத்த ஆள் நான். அது தற்செயல். நீங்கள் கதையைக் கேளுங்கள்.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு ரிவால்வர் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். "கறை எடுக்கறதுல உங்களை மிஞ்ச இந்த ஜில்லாவுலயே ஆளில்லை, நீங்களே பாத்துக்குங்க" என்று ராவுத்தர் அண்ணன்தான் சொன்னார். ஜமால் ராவுத்தர், நம் செயலாளர், தெரியுமில்லையா? அலமாரியைத் திறந்து பார்த்தேன். ரிவால்வர் பரவாயில்லை. தோட்டாப் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுக்கிறேன், பிசுக்கென்று ஒட்டுகிறது. தலைப்பக்கம் முழுக்க மெழுகு மாதிரி ஒரு பசை. போண்டா தின்ற கையோடு அடுக்கியது போல. அடுத்ததும் அப்படி. பெட்டி முழுக்க அப்படி. காசு வாங்கிக்கொண்டு ஒருத்தன் துடைக்காமல்கூட அடைத்து அனுப்புகிறான் என்றால் நாடு எப்படி உருப்படும்?

நான் என்ன செய்தேன்? எவனும் செய்யாத வேலையைச் செய்தேன். இதோ உங்கள் கோட்டில் தடவிக்கொண்டிருக்கிறேனே, இதே திரவம்தான். நெய்யோ மெழுகோ கிரீஸோ, எதிரே நிற்காது. ஒரு சின்னக் கிண்ணத்தில் இதை எடுத்துப்போய், கிளப்பின் பின்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டாவாகத் தலையை முக்கி, மல்துணியில் துடைத்து, நிழலில் உலர்த்தி அடுக்கினேன். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல. அடுக்கி முடித்துப் பார்த்தால், அடடா, தட்டு நிறைய மல்லிகை மொட்டு மாதிரி. அன்றிலிருந்து கிளப்பில் யார் ரிவால்வர் சுட்டாலும் நான் கழுவிய தோட்டாதான். பொங்கலானாலும் தீபாவளியானாலும் அந்தச் சேவை நிற்கவில்லை. ஒருத்தராவது நன்றி சொன்னார்களா? இல்லை. போகட்டும்.

'ம்' கொட்டுங்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கெட்ட காலம் ஆரம்பித்தது. ஒரு காரியம் சுத்தமாக நடந்தால் கண் படத்தானே செய்யும்? முதலில் ராவுத்தர் அண்ணன் சுட்டார். காகிதத்தில் ஓட்டை வட்டமாக விழவில்லை. நீளமாக, சாவித் துவாரம் மாதிரி விழுந்திருக்கிறது. குண்டு தலையைக் கொடுத்துப் போகாமல் படுத்துக்கொண்டு போயிருக்கிறது! அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். அப்புறம் தோட்டா மாட்டுகிற சிலிண்டர் சுற்ற மறுத்தது. பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் மணல் அடித்தது போல ஈயத் துணுக்கு தெறித்தது. பேரலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தால், வரியே தெரியவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக ஒட்டிக்கிடக்கிறது.

கறை எடுக்கிறவன் பொறுப்பில் கறை! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

விசாரணையில் இறங்கினேன். முதலில் மலைக் கணவாய் வழியாக ஊருக்குள் வீசுகிற காற்றைச் சந்தேகப்பட்டேன். ஈரக் காற்று, உள்ளே போய் எதையாவது பூக்க வைக்கிறதோ என்று. ரிவால்வரைத் துணியில் சுற்றி வைத்தேன். மாறவில்லை. அடுத்தது ராவுத்தர் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அவர் படபடவென்று சுடுவார், சூடேறி உருகுகிறதோ என்று. "அண்ணா, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல மூச்சு விட்டுச் சுடுங்க" என்றேன். "யோவ், எனக்கிருக்கற வயசுக்கு நான் மூச்சு விடறதே பெருசு" என்றார். அவரும் இல்லை.

சரி, சிலிண்டரும் பேரலும் நேர்கோட்டில் இல்லையோ என்று கோயமுத்தூரில் துப்பாக்கி பழுது பார்க்கிறவரிடம் அனுப்பினோம். அவர் எல்லாம் கழற்றிப் பார்த்து, சுத்தம் பண்ணி, "ரிவால்வர்ல ஒரு குத்தமும் இல்லீங்க, தோட்டாவைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லியனுப்பினார்.

விடுவேனா? பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சிலதில் ஓரத்தில் கொஞ்சம் மெழுகு விட்டுப்போயிருந்தது. என் கவனக்குறைவு. அன்றிலிருந்து இரண்டு தடவை கழுவினேன்.

அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசமானது. எதிரி உஷாராகிவிட்டான் என்று புரிந்துகொண்டேன்.

இருமுகிறீர்களே, இந்தத் திரவத்தின் வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஜன்னலைத் திறக்கட்டுமா? வேண்டாமா? சரி.

தை மாதம் நான் பழனிக்குப் பாதயாத்திரை போனேன். நடந்த கால் கொப்புளம் ஆறாமல் சிகிச்சை, படுக்கை என்று இழுத்துவிட்டது. அந்த நாளெல்லாம் கிளப் பக்கமே போகவில்லை. புதுப் பெட்டியை உடைத்து அப்படியே, கழுவாமல், பிசுபிசுப்போடு சுட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள். வெட்கம் கெட்டவர்கள். ஆனால் பாருங்கள், அந்த நாளெல்லாம் ரிவால்வர் நூல் பிடித்தது போலச் சுட்டதாம். ஓட்டை மேல் ஓட்டை. ராவுத்தர் அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படியேறும்போது நான் வேண்டிக்கொண்டதே அந்த பேரலுக்காகத்தான். முருகன் கைவிடவில்லை.

கால் ஆறியதும் கிளப்புக்குப் போய் வேலையை ஆரம்பித்தேன். மறு வாரமே பழையபடி ஈயம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் கிளப்பில் இருக்கும்போதுதான் இது நடக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? என் பேரைக் கெடுக்க என்றே ஒருத்தன் செய்கிறான். நான் படுத்திருந்தபோது செய்து என்ன லாபம்? பேர் எனக்கு வராதே!

தர்க்கம் சரியாக இருக்கிறதா, டாக்டர்?

ஆளையும் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பின்னறைக்குள் நுழைகிறேன், சிகாமணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். மடியில் ரிவால்வர். பக்கத்தில் வெள்ளைத் துணி. பித்தளைக் கம்பி பிரஷ்ஷில் என் வீட்டு அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற செம்புநாரைச் சுற்றி, பேரலுக்குள் விட்டுக் கரகரவென்று தேய்க்கிறான். ஒரு காந்தம் வேறு வைத்திருந்தான், மந்திரவாதி மாதிரி. நாரில் இரும்பு கலந்திருந்தால் காந்தம் இழுத்துவிடுமாம், இழுக்காததுதான் அசல் செம்பாம். இழுத்தெடுக்கிற ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் பளபளவென்று சீவல் சீவலாகக் கொட்டுகிறது.

"அடேய்! பேரலையே சுரண்டி எடுத்துட்டயாடா!" என்று கத்தினேன்.

"மச்சான், மச்சான், மெதுவாப் பேசுங்க. வெளிய ராவுத்தரய்யா இருக்கறாரு. இது பேரல் இல்லீங் மச்சான், ஈயம். குண்டுல இருந்து வழிஞ்சு ஒட்டிக்கிட்டது. வெறும் பிரஷ்ஷுக்கு வராது. செம்புநாரு பேரலைக் கீறாம ஈயத்தை மட்டும் வழிச்சுட்டு வந்துரும்."

"வழிச்சு எடுக்கறயா? ஒட்ட வெச்சவனே நீதானேடா!"

அவன் ரிவால்வரைத் துணிமேல் வைத்தான். அப்புறம் என் பக்கத்தில் வந்து, காதோடு சொல்கிறான்: "மச்சான், கோவிச்சுக்காதீங்க. நீங்க கழுவறீங்கல்ல, அந்த மெழுகு... அது அழுக்கு இல்லீங். வழுக்கிட்டுப் போறதுக்குன்னே பூசறாங்க. அதை எடுத்துட்டா ஈயம் காஞ்சு போய் ஒட்டிக்குது. நீங்க கழுவறதை மட்டும் விட்டுருங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். ஒட்டுனதை நானே சத்தமில்லாம எடுத்து வெச்சறேன்."

எப்படிச் சொல்கிறான் பாருங்கள்! நான் சேவையை விட்டுவிட வேண்டுமாம். ஏன் சொல்கிறான்? அவன் தொழில் என்ன? கடலை எண்ணெய் மில். அப்பன் காலத்து மில். அவன் சட்டை எல்லாம் என் கடைக்குத்தான் வரும், டாக்டர். காலர் எண்ணெய், கை எண்ணெய், பட்டன் துவாரத்தில்கூட எண்ணெய். எண்ணெயில் பிறந்து எண்ணெயில் வளர்ந்தவன். "எண்ணெய் மில்லுக்காரன் எண்ணெய்க்குத்தானேடா வக்காலத்து வாங்குவே!" என்றேன்.

சத்தம் கேட்டு ராவுத்தர் அண்ணனும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். நான் துணியோடு சீவலைத் தூக்கிக் காட்டினேன். "பேரலைச் சுரண்டியிருக்கான். கேளுங்க இவனை" என்றேன். அண்ணன் கேட்டார்: "என்ன சிகாமணி, எப்படி வந்துச்சு இது? யாரு பண்ணுன வேலை?"

இந்த இடம் முக்கியம். அவன் என்னைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்கய்யா" என்றான். அவ்வளவுதான்! என் காதில் அத்தனை கதை சொன்ன வாய், சபையில் ஒரு வார்த்தைக்குக்கூடத் திறக்கவில்லை. மடியில் கனமில்லாதவன் ஏன் வாயை மூடுகிறான்? அன்றைக்கே தீர்மானத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சீவல் என்னிடம்தான் இருக்கிறது. சாட்சிக்காக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இதோ, பாருங்கள். தாராளமாக வெளியே எடுங்கள். என்ன, பில் காகிதத்தில் தேய்க்கிறீர்கள்? அட, பென்சில் மாதிரி கோடு விழுகிறதே! நகத்தால் அழுத்தினால் வளைகிறது! பார்த்தீர்களா டாக்டர்? எஃகு. கெட்டியான எஃகு. அதையே இப்படி மெத்து மெத்தென்று ஆக்கி வைத்திருக்கிறான், பாவி.

ஏன் தலையில் கை வைத்துக்கொள்கிறீர்கள்? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். சாந்தாமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தினாள். "அவன் ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். "என்னத்தைச் சொல்வான்?" என்றேன். "சொல்லமாட்டான். நீங்க அவன் அக்கா புருஷனாப் போயிட்டீங்களே. நாலு பேரு முன்னால உங்களைத் தலைகுனிய வெச்சுட்டு அவனுக்கு எதுக்குத் திருச்சி?" என்றாள். எனக்குப் புரியவில்லை. நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்? பெண்கள் எப்போதும் பிறந்த வீட்டுப் பக்கம்தான் பேசுவார்கள், டாக்டர். அன்றோடு அவள் பேச்சு நின்றது. ஆனால் அவன்மேல் அவளுக்கும் வருத்தம் உண்டு. திருச்சிக்காக மில்லை ஒரு வாரம் மூடுவது என்று முடிவு பண்ணி, புது ஷூ வாங்கி, அதை அக்காளிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருந்தான். போன வருடம் அரைப்புக் காலம் என்று போகாமல் விட்டவன். ஷூவை இப்போது எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டான். பரணில் கிடக்கிறது. அவள் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுகிறாள்.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தேன். தோசை கல்லிலேயே பிடித்துக்கொண்டது. அவள் கரண்டியால் கரகரவென்று சுரண்டுகிறாள். தட்டில் விழுந்தது தோசை இல்லை, துணுக்குத் துணுக்காக ஏதோ விழுந்தது. "என்னம்மா இது?" என்றேன். அன்றைக்கு அவள் பேசியது ஒரே வாக்கியம்: "கல்லுல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சுங்க, சுத்தமாத் தொடச்சுட்டேன்."

மறுநாளும் அதே சுரண்டல். அதற்கு மறுநாளும். தட்டை வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். எதையோ எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. எனக்கென்ன புரியாதா? கல் பழசாகிவிட்டது. அன்று சாயந்திரமே புதுத் தோசைக்கல் வாங்கிக்கொண்டு போனேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போய் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. சந்தோஷம்தான் இருக்கும்.

சிரிக்கிறீர்கள் டாக்டர். சிரிக்க வேண்டிய விஷயமா இது? குடும்பம்.

போன ஞாயிறு ராவுத்தர் அண்ணன் ஒரு பஞ்சாயத்துப் பண்ணினார். "ரெண்டு பேரும் சுடுங்க, குண்டு சொல்லட்டும்" என்றார். சிகாமணி பேரலைச் சுத்தம் செய்து கொடுத்தான். முதலில் அவன் சுட்டான். அண்ணன் புதுப் பெட்டி ஒன்றை அவனிடம் நீட்டினார், கழுவாத பெட்டி. நான் கழுவித் தருகிறேன் என்றேன், நேரமில்லை என்றுவிட்டார்கள். சுட்டான். காகிதத்தின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு போட்டு மூடிவிடலாம், அத்தனை நெருக்கம். அப்புறம் நான், என் தோட்டாவில் சுட்டேன். முதல் சில குண்டு பரவாயில்லை. அதற்கப்புறம் ஒன்று காகிதத்தில், ஒன்று கட்டையில், ஒன்று எங்கே என்றே தெரியவில்லை. கல்குழி மேட்டில் மேய்ந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன்.

"பாத்தனுங்க அண்ணா. ஆனா செல்லாது" என்றேன். "அவன் சுட்டது அழுக்குத் தோட்டா. அழுக்குத் தோட்டாவில ஜெயிச்சா அது ஜெயிப்பா?"

அண்ணன் வானத்தைப் பார்த்து "யா அல்லா" என்றார். சிகாமணிதான் சட்டென்று குறுக்கே வந்தான். "மச்சான் சொல்றது சரிதானுங்கய்யா. இதை இதோட விட்டுருங்க" என்று அவரைக் கையைப் பிடித்து டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவனே ஒத்துக்கொண்டுவிட்டான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதோ, கோட்டு ஆயிற்று. நெய் இருந்த தடம் தெரிகிறதா? தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சொன்னேனில்லையா, எந்தப் பிசுக்கும் இதன் முன்னால் நிற்காது.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், ஒவ்வொரு தோட்டாவும் நான் கழுவியதுதான். வேறு யாரும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. சிகாமணியா? அவன் எங்கே கழுவினான்? ஒன்றைக்கூடக் கழுவியதில்லை. அந்தப் பெருமையில் அவனுக்குப் பங்கு கொடுத்துவிடாதீர்கள், டாக்டர்.

ஓ, சாயந்திரம் கூட்டத்தில் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறீர்களா? 'தோட்டாவைக் கழுவியது யார்?' என்று மட்டுமா? தாராளமாகக் கேளுங்கள்! இதைக் கேட்க இத்தனை நாளாக ஒரு தலைவர் இல்லாமல் போனாரே என்பதுதான் என் வருத்தம். அவன் வாயைத் திறக்கமாட்டான், அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. என்னைக் கேளுங்கள். நான் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், சத்தமாகச் சொல்கிறேன். நான்தான். பழனி போய்ப் படுத்த நாள் போக, ஒருநாள் விடாமல். கோயமுத்தூர்க்காரர் சொன்ன பிறகு இரண்டு தடவை. சொல்ல எனக்கென்ன தயக்கம்?

என்ன, சிகாமணியைத் திருச்சிக்குத் தயாராக இருக்கச் சொல்ல வேண்டுமா? எதற்கு? ஓ, விசாரணை முடியும்வரை சம்பிரதாயத்துக்கா? சரி, சரி. முறை என்று ஒன்று இருக்கிறதே. பரணிலிருந்து அந்த ஷூவை எடுத்து வைக்கும்படி சாந்தாமணிக்குப் போன் பண்ணிச் சொல்கிறீர்களா? நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் பேசமாட்டாள்.

கூலியா? உங்களிடமா? போங்கள் டாக்டர். நியாயத்தைக் கேட்டீர்கள், அதுவே போதும். படி பார்த்து இறங்குங்கள். ஐந்து மணிக்கு முன்னாடியே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்!

போகிறார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே போகிறார். ஆமாம் என்றுதான் ஆட்டுவார். வேறு எதற்கு ஆட்டப்போகிறார்?